இருபது சைஸ் பேரிங்

பழைய லேலண்ட் லாரிக்கோ அம்பாஸடருக்கோ ஒரு செட் பேரிங் வாங்க ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனால், விலையைச் சொல்வதற்கு முன்னால் கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்பார். 'என்ன சைஸ்?' என்பது முதல் கேள்வி. ஸ்டாண்டர்டு, பத்து, இருபது, முப்பது என்று ஏதோ ஒன்றை மெக்கானிக் சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார், அதைக் காட்டிவிடலாம். 'கம்பெனி வேணுமா, லோக்கல் போதுமா?' என்பது இரண்டாவது. இங்கேதான் திணறுவோம். கம்பெனி என்றால் எது? லாரி செய்த கம்பெனியா, பேரிங் செய்த கம்பெனியா? லோக்கல் என்றால் பக்கத்துத் தெருவில் செய்ததா, டெல்லியிலிருந்து வந்த சரக்கா?

நம் ஊரில் 'டூப்ளிகேட்' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு பொருட்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. வண்டிக் கம்பெனிக்குச் சப்ளை செய்யும் அதே ஆலை, அதே பாகத்தைத் தன் சொந்தப் பெட்டியில் போட்டு விற்பது ஒன்று. வண்டிக் கம்பெனியோடு சம்பந்தமே இல்லாத வேறொரு ஆலை, தன் பெயரிலேயே நேர்மையாகச் செய்து விற்பது இன்னொன்று. அளவுச் சோதனையில் கழித்துப்போட்ட துண்டுகள் பின்வாசல் வழியாகச் சந்தைக்கு வருவது மூன்றாவது. பெயரையும் பெட்டியையும் அப்படியே திருடி அச்சடித்து, உள்ளே எதையோ வைத்து விற்பது நான்காவது. முதலாவதும் நான்காவதும் ஒரே அலமாரியில், ஏறக்குறைய ஒரே நிறப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம்.

விலையைப் பார்த்துத் தரத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். பழைய எஞ்சின்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் நடக்காது. ஒரு பாகத்தின் விலை, அந்த மாதிரி எஞ்சின் இன்னும் எத்தனை ஓடுகிறது என்பதைச் சொல்லும். தரத்தைப் பொறுத்தவரை அதில் பாதி ஆலையில் முடிவாகிறது, மீதிப் பாதி எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கிறவர் கையில். இந்தப் பாதிக்குப் பாதி எப்படி வந்தது என்று பார்க்க, ஓசூரில் ஒரு தொழிற்சாலைகூட இல்லாத காலத்துக்குப் போக வேண்டும்.

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் நம் சாலைகளில் ஓடிய லாரி, பஸ்களில் ஷெவர்லே முக்கியமானது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல் பம்பாய் சிவ்ரியில் ஆலை திறந்து, கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கி விற்றது. அதிலிருந்தது ஆறு சிலிண்டர் எஞ்சின், ஆறும் ஒரே வரிசையில். இன்லைன் எஞ்சின் என்றால் அவ்வளவுதான்: சிலிண்டர்கள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஒன்றன் பக்கத்தில் ஒன்று நிற்கும், கீழே ஒரே நீள கிராங்க் ஷாஃப்ட். ஆறு சிலிண்டர் வரிசையில் ஒரு அழகு உண்டு. பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வரும்போது எழும் அதிர்வுகளை ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். பழைய ஆறு சிலிண்டர் வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது வருகிற அந்த நிதானமான சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

அந்த ஷெவர்லே எஞ்சினில் இன்று கடையில் வாங்குவது போன்ற பேரிங் கன்ராடில் கிடையாது. கன்ராடின் பெரிய தலையில் வைட் மெட்டலை நேரடியாக உருக்கி ஊற்றியிருப்பார்கள். வெள்ளீயத்தோடு ஆன்டிமனியும் தாமிரமும் சேர்ந்த மெத்தையான உலோகம் அது. தேய்ந்துபோனால் கன்ராடைக் கழற்றி, பழைய உலோகத்தை உருக்கி எடுத்து, ராடைச் சூடாக்கி ஈயம் பூசி, புது உலோகத்தை ஊற்றி, லேத்தில் கடைந்து, அப்புறம் கையால் சுரண்ட வேண்டும். கிராங்கில் நீல மசியைத் தடவி, ராடைப் பூட்டி ஒரு சுற்று சுற்றிக் கழற்றினால், எங்கெங்கே உரசுகிறதோ அங்கே நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் ஸ்கிரேப்பரால் இழைக்கணும். மறுபடி பூட்டு, மறுபடி கழற்று. ராடுக்கும் அதன் மூடிக்கும் நடுவே காகிதம் போன்ற உலோகத் தகடுகள், ஷிம், இருக்கும். கொஞ்சம் தேய்ந்தால் ஒரு தகட்டை உருவிவிட்டு இறுக்கிக்கொள்ளலாம். பேரிங்கை அங்கே யாரும் விலைக்கு வாங்கவில்லை. வாங்கியது உலோகமும், ஒரு மனிதனின் இரண்டு நாள் உழைப்பும். நல்ல பேரிங் என்றால் நல்ல மெக்கானிக் என்று பொருள்.

1953ல் சுங்கவரி ஆணையம் மோட்டார் தொழில் பற்றிக் கொடுத்த அறிக்கை இதையெல்லாம் மாற்றியது. வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் வைத்திருப்பவர்கள் இருக்கலாம் என்றது அரசாங்கம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. ஷெவர்லே தன் ஆறு சிலிண்டர் எஞ்சினில் வைட் மெட்டல் ஊற்றுவதை அமெரிக்காவில் கைவிட்டதும் அதே காலகட்டம்தான். இங்கே விட்டுப்போன வண்டிகளோ ஊற்றிய பேரிங்கோடு, தாய் வீடு இல்லாமல் இன்னும் பல வருஷம் ஓடின.

மதராஸில் அப்போது இரண்டு வரிசை எஞ்சின்கள் வேர் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்று சிம்சன் வழியாக வந்த பெர்கின்ஸ் பி6. 1840ல் வண்டி கட்டும் கடையாகத் தொடங்கிய சிம்சன், பெட்ரோல் லாரிகளின் எஞ்சினை எடுத்துவிட்டு இந்த ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினை வைத்துக் கொடுத்தது. இன்னொன்று எண்ணூரில். 1948ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியோடு கைகோத்து, 1951ல் காமெட் லாரிகளைப் பூட்டத் தொடங்கி, 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. காமெட்டின் எஞ்சினும் வரிசையில் ஆறு. 350 என்ற அதன் எண் கன அங்குலக் கணக்கு, நம் கணக்கில் சுமார் 5.7 லிட்டர். அடுத்தடுத்து வந்த 370, 400, 680 எல்லாம் அதே மாதிரிக் கன அங்குலப் பெயர்கள்தான். ஓட்டுநர்கள் எண்ணை வைத்தே வண்டியின் குணத்தைச் சொல்வாங்க.

எஞ்சின் இங்கே செய்யவேண்டும் என்றால் பிஸ்டன், வால்வு, பேரிங் எல்லாம் இங்கே செய்யவேண்டும். 1957, 58ல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தபோது அது கொள்கையாக இல்லாமல் கட்டாயமாகவே ஆனது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949லேயே தொடங்கியிருந்தது. 1959ல் ரானே எஞ்சின் வால்வ்ஸ், 1961ல் பைமெட்டல் பேரிங்ஸ், லூகாஸ் டிவிஎஸ், 1962ல் பிரேக்ஸ் இந்தியா, 1966ல் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் ஒரு எஞ்சினுக்கு வேண்டிய உறுப்புகளில் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே வாங்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. நாம் இதைத் தொழில் வளர்ச்சி என்று ஒரு வரியில் படித்துக் கடந்துவிடுகிறோம். மெக்கானிக் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும்.

ஷெல் பேரிங் என்பது மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் தாமிர-ஈயக் கலவையையோ அலுமினியக் கலவையையோ ஒட்டவைத்து, அரைவட்டமாக வளைத்தது. இரண்டு அரைவட்டம் சேர்ந்தால் ஒரு பேரிங். இதில் சுரண்ட எதுவுமில்லை, சுரண்டவும் கூடாது. கிராங்க் தேய்ந்தால் அதை ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பாகம் குறைத்துச் சாணை பிடித்து, அந்த அளவுக்குத் தடித்த பேரிங்கைப் போடுவார்கள். அதுதான் 'பத்து சைஸ்'. அடுத்த முறை இருபது, அதற்கடுத்து முப்பது. வைட் மெட்டல் ஊற்றியவரின் கையிலிருந்த வித்தை, இப்படி ஆலையின் அளவுப்பட்டியலுக்கு இடம் மாறியது. மெக்கானிக்கின் வேலை, சரியான எண்ணைத் தேர்ந்தெடுத்துச் சரியான இறுக்கத்தில் பூட்டுவது என்று சுருங்கியது. வேகமும் மலிவும் சீரான தரமும் கிடைத்தன, சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு எஞ்சின் உயிரோடு இருக்கவேண்டும் என்றால், எங்கோ ஒரு ஆலை அந்த அளவில் பேரிங் செய்துகொண்டே இருக்கவேண்டும். ஆலை நிறுத்தினால் கையால் செய்து சமாளிக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. சர்க்கரை ஆலை டர்பைன்களுக்கும் பெரிய மோட்டார்களுக்கும் இன்றைக்கும் வைட் மெட்டல்தான் என்பதால் அந்தத் தொழில் முழுசாகச் சாகவில்லை. ஆனால் ஒரு கார் கன்ராடை எடுத்துக்கொண்டு போனால் அதைக் கையில் வாங்கக்கூடிய பட்டறையைத் தேடித்தான் பிடிக்கணும்.

இங்கேதான் நாம் எல்லோரும் கிண்டலடிக்கும் அம்பாஸடர் உள்ளே வருகிறது. 1957ல் வந்த காருக்கு 1959ல் 1489 சிசி எஞ்சினை வைத்தார்கள். இங்கிலாந்தின் பிஎம்சி கம்பெனி செய்த பி சீரிஸ் குடும்பம், வரிசையில் நான்கு சிலிண்டர், கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங். இங்கிலாந்தில் இதே 1489 சிசி எஞ்சின் எம்ஜிஏ என்கிற ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது என்று சொன்னால் நம் டாக்ஸி டிரைவர்கள் சிரிப்பாங்க. 1961லேயே அங்கே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கு 1622 சிசி எஞ்சின் வந்துவிட்டது, 1964ல் எம்ஜிபிக்கு ஐந்து மெயின் பேரிங் வந்துவிட்டது. நாம் அதே 1489 சிசியை, அதே மூன்று பேரிங்கை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் ஓட்டினோம். பின்னால் அதையே டீசலாகவும் செய்தோம். லைசென்ஸ் ராஜ்ஜியத்தின் தேக்கத்துக்கு உதாரணம் சொல்ல யாருக்காவது ஒரு பொருள் வேண்டும் என்றால் கை முதலில் அம்பாஸடரைத்தான் காட்டும்.

அந்தத் தேக்கம்தான் பாகங்களை மலிவாக்கியது. ஒரு பாகத்தைச் செய்ய அச்சு, டை, அளவுகோல் எல்லாம் சேர்த்து 6 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காகத்தான் இந்த எண்). 60,000 பாகம் விற்றால் ஒரு பாகத்தின் மேல் விழும் சுமை 10 ரூபாய். 600 தான் விற்கும் என்றால் 1,000 ரூபாய். உலோகமும் கூலியும் இரண்டிலும் ஒன்றுதான். முப்பது வருஷம் மாறாத ஒரு எஞ்சினுக்குப் பாகம் செய்கிறவன் தன் அச்சின் விலையை எப்போதோ எடுத்துவிட்டான். அதனால்தான் ஊருக்கு ஊர் அம்பாஸடர் சாமான் கிடைத்தது, அது கைக்கு எட்டும் விலையிலும் இருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் 1961லிருந்து 1971 வரை செய்த கார். 948 சிசி, வரிசையில் நான்கு, அம்பாஸடரைவிட நவநாகரிகம், முன்பக்கம் முழுசாகத் தூக்கித் திறக்கும். தமிழ்நாட்டிலேயே பிறந்த கார் அது. ஆனால் பத்து வருஷத்து எண்ணிக்கைதான். அதற்குப் பிறகு அந்தப் பாகங்களைச் செய்ய யாருக்கும் காரணமில்லை. இன்று ஹெரால்டு வைத்திருப்பவர், இங்கேயே பிறந்த காருக்கு இங்கிலாந்திலிருந்து பாகம் வரவழைக்கிறார். அங்கே டிரையம்ஃப் ஹெரால்டு பிரியர்களுக்கென்று சங்கங்களும், அவர்களை நம்பிப் பிழைக்கும் சிறு கடைகளும் உண்டு. விலை பவுண்டில், அதற்கு மேல் சுங்கவரி, கூரியர். உள்ளே இருப்பது அம்பாஸடர் கேஸ்கட்டைவிட ஒரு துளிகூட உசத்தியில்லாத கேஸ்கட்டாக இருக்கலாம்.

ஓசூர் இந்தக் கதைக்குள் வருவது 1970களில். அதுவரை அந்த ஊரின் பெரிய நிறுவனம் என்று பார்த்தால் 1824ல் தொடங்கிய மத்திகிரி கால்நடைப் பண்ணைதான். தருமபுரி பின்தங்கிய மாவட்டம் என்பதால் சலுகைகள் கிடைத்தன, சிப்காட் வந்தது. பெங்களூர் 40 கிலோமீட்டர். அந்தச் சாலையின் பெங்களூர் முனையில், ஆடுகோடியில், 1951ல் ஆரம்பித்த மைகோ டீசல் பம்பும் ஸ்பார்க் பிளக்கும் செய்துகொண்டிருந்தது. (டீசல் மெக்கானிக்கிடம் போய் 'இன்லைன்' என்று மட்டும் சொன்னால் அவர் எஞ்சினை விட்டுவிட்டு மைகோ பம்பைத்தான் பார்ப்பார். அந்த வகை பம்பிலும் உறுப்புகள் ஒரே வரிசையில் நிற்பதால் அதற்கும் இன்லைன் பம்ப் என்றே பெயர்.) 1980ல் ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை திறந்தது, அதே வருஷம் டிவிஎஸ் 50 வெளிவந்தது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலேயே லேலண்ட் ஜப்பானின் ஹினோவோடு ஒப்பந்தம் போட்டு எச் சீரிஸ் எஞ்சின்களைக் கொண்டுவந்தது. அதுவும் வரிசைதான், நான்கிலும் ஆறிலும். பழைய ஆங்கிலேய எஞ்சின்களுக்கு ஒரு ஜப்பானிய வாரிசு.

பெரிய ஆலை வந்தால் சுற்றி நூற்றுக்கணக்கில் சிறிய ஷெட்டுகள் வரும். ஒரு லேத், இரண்டு மில்லிங், அப்புறம் கடன் வாங்கி ஒரு சிஎன்சி. கம்பெனி வரைபடம் கொடுக்கும், இரும்பும் கொடுக்கும். ஷெட்டுக்காரர் கடைந்து கொடுப்பார். ஜாப் ஒர்க். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு மொழியில் பேரம் நடக்கும் ஊரில், லைனருக்கும் புஷ்ஷுக்கும் மட்டும் யாரும் மொழிபெயர்ப்பு தேடியதில்லை. ஆர்டர் இருக்கும்வரை இது நல்ல பிழைப்பு. ஆர்டர் நின்றால், கடன் கட்டிய இயந்திரம் சும்மா நிற்கமுடியாது. கையில் திறமை இருக்கிறது, அளவு தெரியும், சந்தையில் பழைய வண்டிகளுக்குக் கேட்பும் இருக்கிறது. இந்த ஷெட்டுக்காரர் தன் பெயரில் ஒரு புஷ்ஷோ கியரோ செய்து விற்றால் அதை டூப்ளிகேட் என்று திட்டுவது நியாயமா என்று யோசித்துப்பாருங்கள். நேற்று வரை கம்பெனிப் பெட்டிக்குள் போனது இதே கை செய்ததுதான். வித்தியாசம் ஒன்று உண்டு, அது சின்னதும் இல்லை: கம்பெனி உலோகத்தையும் வெப்பப் பதத்தையும் சோதித்து வாங்கியது. இப்போது அந்தச் சோதனைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

எல்லைக்கும் விலையில் ஒரு பங்கு இருந்தது. பெங்களூரின் ஸ்பேர் பார்ட்ஸ் தெருவான ஜே.சி. ரோட்டுக்கும் ஓசூருக்கும் நடுவே ஜூஜூவாடி சோதனைச்சாவடி. மாநிலம் தாண்டிய வியாபாரத்துக்கு மத்திய விற்பனை வரி, அதற்கு சி பாரம், இந்தப் பக்கம் மாநில வரி. கணக்கில் காட்டினால் ஒரு விலை, பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தால் ஒரு விலை. 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சாவடிகள் போயின. ஆனால் மோட்டார் பாகங்கள் பலவற்றுக்கு 28 சதவீதம் போட்டார்கள். பில் இல்லாமல் விற்கிறவனுக்கு அரசாங்கமே கொடுத்த தள்ளுபடி மாதிரி ஆகிவிட்டது அது. பில் இல்லாத இடத்தில்தான் போலிப் பெட்டி நிம்மதியாகப் புழங்கும். 2025 செப்டம்பர் 22லிருந்து எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் என்று குறைந்திருக்கிறது.

சரி, தரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒரு பட்டறையில் ஒருவர் எக்ஸாஸ்ட் வால்வின் தலையில் காந்தத்தை வைத்துப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார். அதன் பின்னால் உலோகவியல் இருக்கிறது. எரிந்த வாயு வெளியேறும் வால்வு செக்கச்சிவக்கக் காயும். அந்தச் சூட்டைத் தாங்க மாங்கனீசும் நிக்கலும் குரோமியமும் சேர்ந்த எஃகில் அதைச் செய்வார்கள், அந்த வகை எஃகைக் காந்தம் இழுக்காது. சாதாரண எஃகில் செய்த மலிவு வால்வை இழுக்கும். ஆனால் இந்தச் சோதனையிலும் ஓட்டை உண்டு. ரொம்பப் பழைய எஞ்சின்களுக்கு அசலாகவே காந்தம் இழுக்கும் எஃகில் வால்வு வந்திருக்கிறது. தண்டு ஒரு எஃகு, தலை ஒரு எஃகு என்று ஒட்டிச் செய்வதும் உண்டு, அப்போது தண்டு ஒட்டும், தலை ஒட்டாது. காந்தம் சொல்வதைப் புரிந்துகொள்ள எஞ்சினின் ஜாதகமும் தெரிந்திருக்கவேண்டும்.

பேரிங்குக்குக் காந்தமும் உதவாது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் நிற்கவேண்டிய இடைவெளி, சின்ன எஞ்சினில் ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பேரிங் தகட்டின் தடிமன் ஒரு ஓரத்தில் கொஞ்சம் கூடினாலும் அந்த இடைவெளி காணாமல் போய்விடும். இன்னொரு நுணுக்கம்: அரைவட்டத்தின் விளிம்பு, அது உட்காரும் இடத்தைவிட மயிரிழை உயரமாக இருக்கவேண்டும். மூடியை இறுக்கும்போது அந்த அதிகப்படி நசுங்கித்தான் பேரிங் நகராமல் கவ்விக்கொள்ளும். மட்டமான பேரிங்கில் இது இருக்காது. வண்டி ஓடும், ஆயில் பிரஷர் நன்றாகவே காட்டும், ஒரு மாசம் கழித்து சூலகிரி ஏற்றத்தில் பேரிங் சுற்றிக்கொள்ளும். கண்ணால் பார்த்து எந்த மேதையும் இதைச் சொல்லமுடியாது. மைக்ரோமீட்டர் வேண்டும். அல்லது பிளாஸ்டிகேஜ், நசுங்கிய அகலத்தைப் பார்த்து இடைவெளி சொல்லும் மெழுகு நூல், வேண்டும். இரண்டுமே பேரிங் செட்டின் விலையோடு ஒப்பிட்டால் பெரிய செலவில்லை. நேரம்தான் செலவு. லாரியை நாளைக் காலையில் எடுத்தாகணும் என்று ஓனர் நிற்கும்போது அளந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ஒற்றை லாரி வைத்து ஓட்டுகிறவரின் கணக்கில்தான் இது கடைசியாக வந்து விழுகிறது. பேரிங்கில் மிச்சம் பிடித்தது சில நூறோ ஆயிரமோ. பேரிங் போனால் கிராங்கைத் திரும்பச் சாணை பிடிக்கவேண்டும், எஞ்சினை மறுபடி இறக்கவேண்டும், அதுவரை லோடு இல்லை, தவணை மட்டும் நிற்காது. இதெல்லாம் தெரிந்துதான் அவர் மலிவுப் பெட்டியைக் கையில் எடுக்கிறார், ஏனென்றால் இன்றைக்கு அவ்வளவுதான் காசு. 'லோக்கலைப் போட்டுட்டு வண்டியைக் கொடுக்கறதுக்கு எனக்கும் பயம்தான், ஆனா கம்பெனி ஐட்டம் வாங்கிட்டு வான்னா வண்டியையே எடுத்துட்டுப் போயிடுவாங்க' என்றார் கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரம் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்.

'ஒரிஜினல்தான் நல்லது' என்ற நம்பிக்கைக்கு ஒரு விதிவிலக்கைச் சொல்லியாகவேண்டும். 2000 பிப்ரவரி 1லிருந்து நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பழைய எஞ்சின்களில் வால்வு உட்காரும் இருக்கை, சிலிண்டர் ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே கடைந்தது. அது தேயாமல் பெட்ரோலிலிருந்த ஈயம்தான் காத்துவந்தது. இப்போது கடினமான உலோகத்தில் தனி வளையம் அடித்தால்தான் நீண்ட காலம் தாங்கும். அதேபோல எத்தனால். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை அது கலந்திருக்கிறது. கார்பரேட்டரிலும் ஏசி பம்பிலும் இருக்கும் பழைய ரப்பர் அதைத் தாங்காமல் ஊறிப்போகும், அல்லது வெடிக்கும். அலமாரியில் நாற்பது வருஷமாகப் பிரிக்காமல் வைத்திருந்த அசல் டயாஃப்ரமைக் கண்டுபிடித்துப் போட்டுச் சந்தோஷப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். எத்தனால் தாங்கும் ரப்பரில் இன்றைக்கு ஒரு சிறு ஆலை செய்த 'டூப்ளிகேட்' அதைவிட நல்லது.

சட்டம் இப்போது பழைய வண்டிகளை இரண்டாகப் பிரித்துவிட்டது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டிய, அசல் வடிவத்தில் இருக்கும் இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விண்டேஜ்'. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், தனி எண் பலகை, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யக்கூடாது, தினசரி ஓட்டக்கூடாது. அந்தப் பக்கம், 15 வருஷம் தாண்டிய அரசு வாகனங்களுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற விதி 2023 ஏப்ரல் 1ல் வந்தது. கார் வைத்திருப்பவருக்கு அசலைக் காப்பாற்றுவது பெருமை, பணம் கொடுத்துப் பாகம் செய்துகூட வாங்குவார். லேலண்ட் எஞ்சின்களுக்கு அப்படி யாரும் சங்கம் வைக்கவில்லை. அவை லாரியிலும் ஜெனரேட்டரிலும் படகிலும் வேலை பார்த்தே உயிரோடு இருக்கின்றன. பஸ்கள் உடைப்புக்குப் போகும்போது அவற்றின் எஞ்சின்கள் பழைய இரும்புக் கடைகளுக்கு வருகின்றன, அசல் கிராங்கும் ஹெட்டும் கிலோ கணக்கிலோ பேரம் பேசியோ கைமாறுகின்றன. விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் புதிய மலிவு கிராங்கைவிட, ஓடித் தேய்ந்த இந்த அசல் கிராங்கைத்தான் விரும்புவாங்க. வெடிப்பு இருக்கிறதா என்று சோதித்து, சாணை பிடித்து, அடுத்த சைஸ் பேரிங் போட்டால் முடிந்தது.

ஆனால் இப்படி வருகிற கிராங்குகளில் பல ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை சாணைக்குப் போனவை. மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தால் பத்து தாண்டியிருக்கும், இருபது தாண்டியிருக்கும். இன்னும் பிடித்தால் முப்பது. சில எஞ்சின்களுக்கு அதற்கு மேலும் பேரிங் கிடைக்கும், பலவற்றுக்கு முப்பதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் கிராங்கின் மேல் உலோகத்தைத் தூவியோ குரோமியம் பூசியோ திரும்ப ஸ்டாண்டர்டு அளவுக்குக் கொண்டுவரலாம். அதைச் செய்கிற இடம் எது என்று கடைக்காரரிடம் கேட்டால், ஒரு பழைய விசிட்டிங் கார்டின் பின்பக்கம் கோயம்புத்தூர் நம்பர் ஒன்றை எழுதிக் கொடுக்கிறார்.